பங்காளிகள் வளவில் பாகப்பிரிவினை வழக்கு: சான்றுகளை எப்போது, எப்படி நீதிமன்றத்தில் சேர்ப்பது?

பள்ளத்தூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா (தகப்பனாரின் தகப்பனார்) பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்து, தேக்குத் தூண்களும் கதவுகளும் அங்கிருந்தே வரவழைத்துக் கட்டிய வளவு, அதாவது பெரிய வீடு, எங்களுடையது. அவர் 1968இல் உயில் எழுதாமல் காலமானார். அவருக்கு மூன்று ஆண் மக்கள். நடுப்பிள்ளை என் அப்பச்சி (தகப்பனார்). அப்பச்சி 1996இல் தவறிவிட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரே மகள், ஆத்தா (தாயார்) உயிருடன் இருக்கிறார்கள். பெரியப்பச்சியின் மகன் வீட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளாகப் பட்டாசாலை என்னும் கூடத்தின் தூண்களையும் நிலைக்கதவுகளையும் கழற்றி விற்று வருகிறார். எங்கள் இரண்டாங்கட்டுக் கதவைக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையின் வாசலில் சாய்த்து வைத்திருந்ததை நானே பார்த்தேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2025இல் நானும் ஆத்தாவும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தோம். 1978இல் மூன்று சகோதரர்களும் கூர்ச்சீட்டு (பங்கு பிரித்துக்கொண்டதை எழுதிய சீட்டு) எழுதிப் பிரிந்துகொண்டதாகவும், அப்பச்சி ரொக்கம் பெற்றுக்கொண்டு வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்ததாகவும் எதிர்த்தரப்பினர் எதிருரை (எழுத்துமூலப் பதில்) போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஐயா காலத்துப் பேரேடுகள் இரண்டு, 1991இல் பெரியப்பச்சி அப்பச்சிக்கு எழுதிய உள்நாட்டுக் கடிதம், வீட்டு வரி ரசீதுகள் சில, கைப்பேசியில் எடுத்த படங்கள், பக்கத்து வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் ஆகியவை இருக்கின்றன. சாட்சி சொல்லும்போது எல்லாவற்றையும் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். இப்போதே கொடுக்காவிட்டால் பிறகு வாங்கமாட்டார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? 86 வயதான எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பச்சியின் உடன்பிறந்தாருக்கு, அந்த வீட்டில் நடந்த அனைத்தும் தெரியும். அவர்கள் உடல்நிலை நாளுக்கு நாள் தளர்ந்து வருகிறது.

தேவகோட்டை வழக்குரைஞர்

இரண்டாவது ஆள் சொன்னதே சரி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை 14ஆம் விதிப்படி, வாதி தாம் நம்பியிருக்கும் ஆவணங்களை வழக்குரையுடன் (வழக்கு மனுவுடன்) பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் விசாரணையின்போது அவற்றைச் சான்றாகப் பெற முடியாது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது காட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஆவணத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அசல் ஆவணங்களை எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையப்படும் நாளிலோ அதற்கு முன்னரோ தாக்கல் செய்யுமாறு 13ஆம் கட்டளை கூறுகிறது. எழுவினாக்கள் இன்னும் வனையப்படவில்லை என்றால் காலம் கடந்துவிடவில்லை. ஏன் முன்பே கொடுக்கவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தை எழுதி, இப்போதே மனுப் போடுங்கள். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு போடும் மனுவை நீதிமன்றம் ஐயத்துடன் பார்ப்பது இயல்பு.

ஆனால் உங்கள் வழக்கில் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. காகிதம் பெட்டியில் இருக்கும், தூண் இருக்காது. ஆகவே 39ஆம் கட்டளையின் 1, 2ஆம் விதிகளின்படி இடைக்காலத் தடையும், 7ஆம் விதிப்படி சொத்தைப் பார்வையிட்டுப் பாதுகாக்கும் உத்தரவும், 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி வழக்குரைஞர் ஆணையர் ஒருவரின் நேரடிப் பார்வையும் கேளுங்கள். ஆணையர் வந்து எத்தனை தூண்கள் நிற்கின்றன, எத்தனை இடங்களில் கல்பீடம் மட்டும் இருக்கிறது, எந்த நிலைக்குக் கதவு இல்லை என்று எழுதி, வரைபடமும் படமும் இணைத்துத் தரும் அறிக்கை வழக்கில் சான்றாகவே கொள்ளப்படும். சாட்சியம் திரட்டவே ஆணையரைக் கேட்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு மறுக்கும். யார் அனுபவத்தில் வீடு இருக்கிறது என்று அவர் விசாரிக்கக் கேட்காதீர்கள். கண்ணால் காணும் நிலையைப் பதிவு செய்ய மட்டும் கேளுங்கள். தடை உத்தரவு வந்த பிறகும் கழற்றினால், 39ஆம் கட்டளை 2ஏ விதிப்படி அவருடைய சொத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்யவும் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பழைய குமாஸ்தா

முப்பது ஆண்டுகள் வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், ஆச்சி. ஐயாவுக்கு ஒரு மகளும் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அத்தையை வழக்கில் சேர்த்திருக்கிறீர்களா? ஐயா 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு காலமானவர். வீடு அவருடைய சுய சம்பாத்தியம் என்றால், மகள் முதல் வகுப்பு வாரிசு. பங்குதாரர் ஒருவரைச் சேர்க்காமல் நடத்திய பாகப்பிரிவினை வழக்கு, பத்து ஆண்டுகள் ஓடிய பிறகுகூட அந்த ஒரு காரணத்தால் விழுந்திருக்கிறது. குடும்பச் சொத்துகளில் ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்பதும் அப்படியே. ஊருணிக்கரை மனை, காலியிடம், எது விடுபட்டிருந்தாலும் இப்போதே வழக்குரையின் சொத்து அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

முன்பு இந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு குடியிருப்பு வீட்டில் பங்கு பிரித்துக் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதாவது 9.9.2005 முதல், அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இது தெரியாமல், நமக்கு வீட்டில் பங்கு இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆச்சிமார்கள் இன்றும் பலர்.

பள்ளத்தூர் மகள்

அத்தையைச் சேர்க்கவில்லை. அவர்கள் எங்கள் பக்கம் பேசுவார்கள், சாட்சியாக வந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். இதைப் படித்தவுடன் எங்கள் வழக்குரைஞரிடம் சொன்னேன். 1ஆம் கட்டளை 10ஆம் விதிப்படி அத்தையைப் பிரதிவாதியாகச் சேர்க்க மனுப் போடுகிறார். கட்சிக்காரராகிவிட்டால் அவர்கள் சாட்சியத்துக்கு மதிப்புக் குறையுமா?

தேவகோட்டை வழக்குரைஞர்

தமக்கும் பலன் உள்ளவர் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அதனால் சாட்சியம் செல்லாமல் போகாது. பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் பங்குதாரர்களே. 86 வயது என்பதால் வழக்கமான வரிசைக்காகக் காத்திருக்கக் கூடாது. 18ஆம் கட்டளை 16ஆம் விதி, போதிய காரணம் இருந்தால் வழக்குத் தொடுத்த பின் எந்த நேரத்திலும் ஒரு சாட்சியை உடனே விசாரிக்க வழி தருகிறது. நடமாட முடியாதவர் என்றால் 26ஆம் கட்டளைப்படி அவர் வீட்டுக்கே ஆணையரை அனுப்பச் சொல்லலாம். மருத்துவச் சான்று இணையுங்கள். எதிர்த்தரப்புக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் குறுக்கு விசாரணை செய்ய முழு வாய்ப்பும் தந்துவிட வேண்டும். அதில் சுருக்கம் காட்டினால் பிறகு அந்த வாக்குமூலமே கேள்விக்கு உள்ளாகும்.

கோட்டையூர் ஓய்வாசிரியர்

பேரேட்டையும் கடிதத்தையும் பற்றி, பட்டறிந்தவன் சொல்கிறேன். எங்கள் வழக்கில் என் தகப்பனாருக்கு வந்த கடிதம் ஒன்று உயிர்நாடியாக இருந்தது. மடிப்பில் கிழிந்துவிடும் என்று அஞ்சி அதை லேமினேட் செய்தேன். கையெழுத்தை ஒப்பிட நிபுணரிடம் அனுப்பியபோது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கினால் மை அழுத்தத்தையும் கோட்டின் ஓட்டத்தையும் பார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட்டார். நல்லது செய்வதாக நினைத்து நானே கெடுத்த காரியம் அது.

ஆகவே ஒட்டாதீர்கள், துளையிடாதீர்கள், புதிதாக அட்டை போட்டுத் தைக்காதீர்கள், ஓரத்தில் பென்சிலால்கூடக் குறிக்காதீர்கள். முப்பது ஆண்டுகள் கடந்த ஆவணம் உரிய காவலிலிருந்து வந்தால், கையெழுத்தும் எழுத்தும் உரியவருடையவையே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவாக இருந்தது, 2023ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சிய அதினியத்தில் 92ஆம் பிரிவாகியிருக்கிறது. உங்கள் 1991ஆம் ஆண்டுக் கடிதம் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் உரிய காவல் என்பதைச் சொல்லால் நிலைநாட்ட வேண்டும்: எந்த அறையின் எந்த இரும்புப் பெட்டியில் இருந்தது, சாவி யாரிடம் இருந்தது, அப்பச்சி காலமான பிறகு யார் எடுத்தார்கள், உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பவற்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுமானம் அசலுக்குத்தான்; ஒளிநகலுக்கு அதைக் கோர முடியாது. அசலை யாரிடம் கொடுத்தாலும் தேதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லலாமா?

பள்ளத்தூர் மகள்

முகப்பில் ஓடு மாற்றிச் சுண்ணாம்புப் பூச்சு செய்ததாகவும், செலவில் மூன்றில் ஒரு பங்கை அப்பச்சி அனுப்பிவைக்க வேண்டும் என்றும் பெரியப்பச்சி எழுதியிருக்கிறார்கள். அஞ்சல் முத்திரையில் தேதி தெளிவாக இருக்கிறது.

தேவகோட்டை வழக்குரைஞர்

அப்படியானால் உங்கள் கையில் இருப்பவற்றில் இதுவே தலையாயது. 1978இல் பங்கை விட்டுக்கொடுத்துவிட்ட தம்பியிடம் 1991இல் யாரும் மராமத்துச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கேட்கமாட்டார்கள். இப்போது வீட்டைத் தமது என்று சொல்பவர், தம் தகப்பனார் வழியாகத்தான் உரிமை கோருகிறார். ஆகவே அந்தத் தகப்பனாரின் எழுத்து அவரையும் கட்டும் ஒப்புதலாகும். பேரேட்டுக்கு அவ்வளவு பலம் கிடையாது. தொழில் முறையில் ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் பதிவு ஏற்புடைய சான்றுதான் என்றாலும், அது மட்டுமே ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்குப் பேரேடு வேறு வகையில் உதவும்: வீடு எந்தப் பணத்தில் எழுந்தது என்பதைக் காட்டும். தமிழ் எண்களிலும் முந்திரி, மாகாணிக் கணக்கிலும் எழுதிய பக்கங்களை, படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு பெயர்த்தெழுதி உடன் தாக்கல் செய்யுங்கள்.

படங்களுக்கு வருகிறேன். உங்கள் வழக்கு 1.7.2024க்குப் பிறகு தொடுத்தது என்பதால் புதிய அதினியமே பொருந்தும். அந்த நாளில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய 1872ஆம் ஆண்டுச் சட்டம் தொடரும் என்று 170ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணுப் பதிவின் அச்சுப்படியையோ பென்டிரைவையோ கொடுத்தால் 63ஆம் பிரிவின் சான்றிதழ் கட்டாயம். அதற்கு அட்டவணையில் இரண்டு பகுதிகள் தரப்பட்டுள்ளன; ஒன்றில் கருவியை வைத்திருப்பவரும் மற்றொன்றில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும், கோப்பு மாறவில்லை எனக் காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் எடுத்த படத்துக்கு உங்கள் சான்றிதழ் முழுமையாகாது. எடுத்தவர் கைப்பேசிக்கு அவர்தான் சான்றிதழ் தர வேண்டும், கூண்டேறவும் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 14.7.2020 அன்று உச்ச நீதிமன்றம் பழைய 65பி பிரிவின் கீழ் உறுதி செய்தது. கருவியையே அசலாகக் கொண்டுவந்து உரியவர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

பழைய குமாஸ்தா

இன்னும் இரண்டு இடங்களில் தேடுங்கள். உங்கள் பங்காளிகள் படைப்பு வீட்டில் ஆண்டுதோறும் முன்னோருக்குப் படைப்பு நடக்கும்போது, எந்தப் புள்ளி (மணமான குடும்பம்) எவ்வளவு கொடுத்தது என்று கணக்கு எழுதியிருப்பார்கள். நகரத்தாரின் நகரக் கோயிலில் புள்ளிவரிப் பதிவும், திருமணத்துக்குக் கோயில் மாலை கொடுத்த பதிவும் இருக்கும். இவை உறவுமுறையை நிலைநாட்டும். வீட்டு உரிமையை அவை மட்டும் நிலைநாட்டமாட்டா. அந்த ஏடுகளை நீங்களே கேட்டு வாங்கி வரவும் கூடாது. 16ஆம் கட்டளைப்படி அழைப்பாணை அனுப்பி, வைத்திருப்பவரே கொண்டுவரச் செய்யுங்கள். அப்போதுதான் ஏடு இடையில் யார் கைக்கும் போகவில்லை என்பது விளங்கும்.

கூர்ச்சீட்டை நீங்கள் பார்த்தீர்களா? எதிருரையில் குறிப்பிட்ட ஆவணத்தைப் பார்வையிட 11ஆம் கட்டளை 15ஆம் விதிப்படி அறிவிப்புக் கொடுக்கலாம். அசலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் பின்புறம் விற்பனையாளர் எழுதிய தேதியும் பெயரும் இருக்கும். வெள்ளைத்தாள் என்றால் அது வேறு கதை.

தேவகோட்டை வழக்குரைஞர்

குமாஸ்தா அண்ணன் தொட்ட இடம் மிக முக்கியமானது. முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காகக் குறித்துவைத்த சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. அந்தச் சீட்டே உரிமையை மாற்றுகிறது என்றால் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பதிவு செய்திருக்க வேண்டும். “இன்று முதல் எனக்குப் பாத்தியதை இல்லை” என்று ரொக்கம் பெற்றுக்கொண்டு எழுதிய வாசகம் இரண்டாம் வகையைச் சேரும். ஆகவே சொற்களைப் படிக்காமல் எதுவும் முடிவு செய்ய இயலாது. முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால், தீர்வையும் தண்டமும் கட்டும் வரை எந்த நோக்கத்துக்கும் அதை ஏற்க முடியாது.

இந்த ஆட்சேபணையை எப்போது எழுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எதிர்த்தரப்புச் சாட்சி அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யக் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே உங்கள் வழக்குரைஞர் எழுந்து சொல்லி, பதிவு செய்ய வைக்க வேண்டும். ஒருமுறை பி.சா.ஆ. (பிரதிவாதி தரப்புச் சான்றாவணம்) எண் விழுந்துவிட்டால், முத்திரைக் குறைவைப் பிறகு அந்த வழக்கில் கிளப்ப முடியாது. நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையும் உடனே சொல்லாவிட்டால் விட்டுக்கொடுத்ததாகவே கருதப்படும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேங்கடாசலக் கவுண்டர் எதிர் விசுவேசுவரசாமி கோயில் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கையொப்பத்தை மறுப்பதானால், 1978ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பச்சி போட்ட, எவரும் மறுக்க முடியாத கையொப்பங்களைத் தேடிவையுங்கள். பதிவான பத்திரங்களே அதற்கு ஏற்றவை. 1995ஆம் ஆண்டுக் கையொப்பத்தைக் கொண்டு 1978ஐ ஒப்பிடுவது வலுவாக நிற்காது.

கோலாலம்பூர் பங்காளி

என் நிலைமையும் இதுதான். நான் மலேசியாவில் இருப்பதால் ஊரிலுள்ள மைத்துனருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து வழக்கு நடத்துகிறேன். அவரே எனக்காகச் சாட்சி சொல்லிவிடலாமா?

தேவகோட்டை வழக்குரைஞர்

வழக்கை நடத்தலாம், மனுவில் கையொப்பமிடலாம். உங்களுக்கு மட்டுமே நேரில் தெரிந்த செய்திகளை உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சியமாகச் சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மைத்துனருக்கு நேரில் தெரிந்ததை அவர் தம் சாட்சியமாகச் சொல்லலாம். நீங்கள் ஒருமுறை வரத்தான் வேண்டும், அல்லது காணொலி மூலம் சாட்சி சொல்ல நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அங்கு எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடி அண்ணன்

சட்ட விதிகளை மறுக்கவில்லை. ஆனால் பங்குகளை அறிவிக்கும் முதனிலைத் தீர்ப்பாணை, அதன்மேல் மேல்முறையீடு, பிறகு இறுதித் தீர்ப்பாணை மனு, மீண்டும் ஆணையர் என்று ஒரு தலைமுறை போய்விடுகிறது. வளவை மூன்றாகவும் நான்காகவும் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பது பொருத்தமில்லை என்று கண்டால், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்கும்போது விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிட 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. விற்றால் வாங்குபவர் வீட்டை வீடாக வைத்திருப்பார் என்பதற்கு என்ன உறுதி? சமரச மையத்துக்குப் போகலாமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின் வழியில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்கள் வெளியே தாமாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பள்ளத்தூர் மகள்

அண்ணே, வீடு வீடாக நிற்க வேண்டும் என்பதற்காகவே வழக்குப் போட்டேன். பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்குவதாக இருந்தால் பெரியப்பச்சி மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தருவதாகச் சொன்னார். சமரசத்துக்குப் போக எனக்குத் தடையில்லை. தூண்களைக் கழற்றுவது நின்ற பிறகுதான் போவேன்.

தேவகோட்டை வழக்குரைஞர்

அந்த 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் படித்துக்கொள்ளுங்கள். ஒருவர் விற்பனை கேட்டால், மற்ற பங்குதாரர் அவர் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பில் தாமே வாங்கிக்கொள்ள அனுமதி கோரலாம். வீட்டைக் காக்க நினைக்கும் உங்களுக்கும் அத்தைக்கும் அது பயன்படும்.

பழைய குமாஸ்தா

வாய்தா விஷயம் ஒன்று. வழக்கின் பதினாறு எழுத்துச் சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு ஒவ்வொரு வாய்தாவின் முந்தைய மாலையும் பாருங்கள். வாதி வராமல் வழக்குத் தள்ளுபடியானால் மீட்டெடுக்க முப்பது நாள்தான். கட்சிக்காரர் யாராவது காலமானால் தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். வயதானவர்கள் நிறைந்த வழக்கில் இதை மறந்துவிடக் கூடாது.

பள்ளத்தூர் மகள்

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அத்தை மூன்றாம் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டார்கள். கூடுதல் ஆவணங்களை ஏற்கும் மனு அனுமதிக்கப்பட்டது. கடிதத்தின் அசல் இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆணையர் நில அளவருடன் வந்து ஒரு நாள் முழுவதும் இருந்தார். பட்டாசாலையில் பதினாறு தூண்களில் பன்னிரண்டு நிற்கின்றன. நான்கு இடங்களில் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நிலைகளில் கதவு கழற்றிய கீல் தடங்களையும் அளந்து எழுதியிருக்கிறார். விசாரணை முடியும் வரை எதையும் கழற்றக் கூடாது என்று தடையும் வந்திருக்கிறது.

அத்தையை அவர்கள் வீட்டில், கட்டிலில் சாய்ந்தபடியே, வேறொரு வழக்குரைஞர் ஆணையராக வந்து விசாரித்தார். 1978இல் சகோதரர்கள் பிரிந்துகொண்டது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம் அல்லவா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். அவ்வாண்டு பிள்ளையார் நோன்புக்குத் தாம் பிறந்த வீட்டில் இருந்ததாகவும், மூன்று சகோதரர்களும் அதே வளவில் ஒன்றாக உட்கார்ந்து அந்த நோன்புக்குரிய சடங்கான இழை எடுத்துக்கொண்டதாகவும், பிரிவினை நடந்திருந்தால் தம் கையொப்பத்தையும் கேட்டிருப்பார்கள் என்றும் அத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூர்ச்சீட்டின் அசலை இன்னும் அவர்கள் காட்டவில்லை. பார்வையிட அனுமதிக்குமாறு போட்ட மனு வரும் வாய்தாவில் விசாரணைக்கு வருகிறது.